இரு சக்கரப் புண்ணியம் நாலு சக்கரத்துக்கு உதவுமா?

இந்த வாரத் தபாலில் வந்த கடிதங்களில் ஒன்றுக்கு மட்டும் நான் தபாலில் பதில் எழுதவில்லை. படித்து முடித்த உடனே டெலிபோனை எடுத்து விட்டேன். அவ்வளவு அவசரம்! எழுதியவர் மாம்பலத்துச் சகோதரி ஒருவர். அவர் பெயர் நமக்கு வேண்டாம். அவர் கேட்ட கேள்வி மட்டும் போதும். அந்தக் கேள்வி ஒரு நாள் உங்கள் வீட்டுக் கூடத்திலும் எழத்தான் போகிறது.

சமாசாரம் இதுதான். சகோதரியின் கணவர் பதினோரு வருஷமாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார். ஒரு தடவைகூட இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் போய், "வண்டி அடிபட்டு விட்டது, பணம் கொடுங்கள்" என்று கேட்டதில்லை. "மழையோ வெயிலோ, ஒரு சிராய்ப்பு இல்லாமல் வீடு வந்து சேருகிறவர்" என்று சகோதரி எழுதியிருக்கிறார். அந்த வரியில் கொஞ்சம் கர்வம் இருக்கிறது. இருக்கட்டுமே, நியாயமான கர்வந்தானே?

பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து விட்டார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. ஐந்து பேர் ஒரு மோட்டார் சைக்கிளில் போக முடியுமா? ஆகவே கார் வாங்குவது என்று முடிவாயிற்று. சகோதரி உத்தியோகம் பார்க்கிறவர். பாங்குக் கடன் அவர் சம்பளத்தின் பேரில். காரும் அவர் பெயரிலேதான்.

இந்தச் சமயத்தில் இங்கிலாந்திலிருந்து தம்பி பேசினான். "அக்கா, இங்கே நான் கார் வாங்கினபோது, மோட்டார் சைக்கிள் ஓட்டின வருஷத்தையெல்லாம் கணக்கில் எடுத்துக் கொண்டு இன்ஷூரன்ஸைக் குறைத்தார்கள். அத்தானுக்குப் பதினோரு வருஷம் இருக்கிறதே, கேட்டுப் பார்" என்றான். சகோதரி கார்க் கடையில் கேட்டார். அங்கே இருந்த விற்பனைக்காரப் பிள்ளை சிரித்த முகத்தோடு, "அதற்கென்னம்மா, ஐம்பது சதவிகிதமே போட்டு விடலாம். இந்த இடத்தில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று தாளை நீட்டினான்.

"போடலாமா?" என்பதுதான் கடிதத்தின் கடைசி வார்த்தை.

"போடாதீர்கள்" என்று டெலிபோனில் சொன்னேன். காரணத்தை இங்கே விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் இந்தப் புண்ணியக் கணக்கு என்ன என்று பார்ப்போம். இங்கிலீஷில் இதற்கு 'நோ கிளெய்ம் போனஸ்' என்று பெயர். ஒரு வருஷம் முழுவதும் நஷ்ட ஈடு கேட்காமல் இருந்தால், அடுத்த வருஷம் பிரீமியத்தில் கம்பெனி கொஞ்சம் தள்ளிக் கொடுக்கிறது. நம் நாட்டில் 2002-ஆம் வருஷத்து மோட்டார் டாரிஃப் இதற்கு ஒரு படிக்கட்டு வகுத்தது. முதல் வருஷம் கேட்காமல் இருந்தால் நூற்றுக்கு 20. தொடர்ந்து இரண்டு வருஷமானால் 25. மூன்றானால் 35. நாலானால் 45. ஐந்தும் அதற்கு மேலும் 50. அதற்கு அப்பால் படி கிடையாது. அந்தப் படிக்கட்டைத்தான் கம்பெனிகள் இன்றும் பெரும்பாலும் பின்பற்றி வருகின்றன.

ஆனால் நூற்றுக்கு 50 என்றதும் மொத்தத் தொகையில் பாதி என்று நினைத்து விடாதீர்கள். வண்டி இன்ஷூரன்ஸில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவின்படி இந்தப் பகுதி இல்லாமல் வண்டியைத் தெருவில் எடுக்கவே கூடாது. இதற்கு உரிய பிரீமியத்தை சர்க்கார் நிர்ணயிக்கிறது. இரண்டாவது பகுதி, நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கு. போனஸ் என்பது இந்த இரண்டாவது பகுதிக்கு மட்டுந்தான். முதல் பகுதியில் எவ்வளவு புண்ணியம் செய்தாலும் ஒரு காசு தள்ள மாட்டார்கள்.

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருவோம்.

போனஸ் யாருக்குச் சொந்தம்? வண்டிக்கா, மனிதருக்கா? மனிதருக்குத்தான். வண்டியை விற்று விட்டாலும் போனஸ் விற்றவரோடேயே இருக்கிறது; வாங்கினவருக்குப் போகாது. இதைக் கேட்டதும், "அப்படியானால் மோட்டார் சைக்கிளில் சேர்த்ததை அவர் காருக்கு எடுத்துக் கொண்டு வர வேண்டியதுதானே?" என்று தோன்றும். அங்கேதான் ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். புதிதாக வாங்கும் வண்டி அதே வகை வண்டியாக இருந்தால்தான் பழைய போனஸ் அதற்கு வரும். ஸ்கூட்டரில் சேர்த்தது மோட்டார் சைக்கிளுக்கு வரும். பழைய காரில் சேர்த்தது புதுக் காருக்கு வரும். இரண்டு சக்கரத்தில் சேர்த்தது நாலு சக்கரத்துக்கு வராது.

சகோதரியின் விஷயத்தில் இரண்டாவது வேலி ஒன்றும் இருந்தது. சேர்த்தவர் கணவர், கார் மனைவியின் பெயரில். உயிரோடு இருக்கும் ஒருவருடைய போனஸ் இன்னொருவருக்குப் போகாது, அவர்கள் கணவன் மனைவியாக இருந்தாலும் சரி. வீட்டிலே உப்பும் புளியும் பொதுவாக இருக்கலாம். இந்தக் கணக்கு மட்டும் தனித் தனி.

"சரி, வராது என்றால் வராது. பதினோரு வருஷத்துப் போனஸ் மோட்டார் சைக்கிளிலாவது இருக்கிறதல்லவா?" என்று சகோதரி கேட்டார். "பீரோவைத் திறந்து அந்தப் பாலிஸித் தாளை எடுத்து வாருங்கள்" என்றேன். எடுத்து வந்து படித்தார். படித்தவர் சற்று நேரம் பேசவில்லை. முதல் சில வருஷம் இரண்டு பகுதிக்கும் பணம் கட்டியிருக்கிறார்கள். பிறகு, "பழைய வண்டிதானே, சட்டத்துக்கு வேண்டியது மட்டும் போதும்" என்று முதல் பகுதியை மட்டும் புதுப்பித்துக் கொண்டு வந்திருக்கிறார்கள். சொந்தச் சேதப் பகுதி இல்லாத பாலிஸியில் போனஸ் சேரவே சேராது. முன்பு சேர்ந்ததும் எப்போதோ காலாவதியாகி விட்டது.

இது தவறு என்று நான் சொல்லவில்லை. பழைய வண்டிக்குப் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். சில சமயம் அதுதான் புத்திசாலித்தனமும்கூட. ஆனால் "பதினோரு வருஷம் நஷ்ட ஈடு கேட்கவில்லை" என்பது ஒன்று. "பதினோரு வருஷப் போனஸ் இருக்கிறது" என்பது வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கொண்டிருக்கும் குடும்பங்கள் எத்தனையோ.

அப்படியானால் இங்கிலாந்துத் தம்பி சொன்னது பொய்யா? இல்லை. அவன் சொன்னது நிஜந்தான். அங்கே வழக்கம் வேறு. எல்லாருக்கும் பொதுவான படிக்கட்டு அங்கே கிடையாது. எத்தனை வருஷம் நஷ்ட ஈடு கேட்கவில்லை என்று பார்த்து, எவ்வளவு தள்ளுவது என்பதை அந்தந்தக் கம்பெனியே முடிவு செய்கிறது. மோட்டார் சைக்கிள் வருஷங்களைக் காருக்கு ஏற்றுக் கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. முழுதாக ஏற்காமல், அறிமுகச் சலுகை என்று கொஞ்சம் குறைப்பவை உண்டு. அடியோடு மறுப்பவையும் உண்டு. ஆகவே அங்கே இருப்பவர்கள் நாலு கம்பெனியிடம் கேட்டுப் பார்ப்பதில் லாபம் இருக்கிறது. பழைய கம்பெனியிடமிருந்து எழுத்து மூலம் அத்தாட்சி வாங்கிக் கொடுக்க வேண்டும். சாதாரணமாக ஒரே வருஷக் கணக்கை ஒரே சமயத்தில் இரண்டு வண்டிக்குக் காட்ட முடியாது. இரண்டு வருஷம் உபயோகிக்காமல் வைத்திருந்தால் பெரும்பாலான கம்பெனிகளில் அது செல்லாமற் போய் விடும். தம்பி மோட்டார் சைக்கிளை விற்று விட்டு உடனே கார் வாங்கினவன். அவனுக்குச் சரியாகப் பொருந்தி விட்டது.

எது நியாயம் என்று கேட்டால், இரண்டு பக்கமும் பேச விஷயம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் பதினோரு வருஷம் விழாமல் வந்தவருக்குத் தெருவைப் பார்க்கும் கண் இருக்கிறது. எந்த பஸ் எப்போது ஒதுங்கும் என்று தெரியும். அந்த நிதானம் கார் ஓட்டும்போதும் கூட வரத்தானே செய்யும்? இது ஒரு கட்சி. காரின் அகலம் வேறு, அதைச் சந்தில் திருப்பி நிறுத்தும் வித்தை வேறு, ஒரு கதவு நசுங்கினால் ஆகும் செலவு வேறு. மோட்டார் சைக்கிளின் சிறு பிரீமியத்தில் சேர்த்த சலுகையைக் காரின் பெரும் பிரீமியத்தில் செலவழிப்பது சரியல்ல. இது எதிர்க் கட்சி. உதாரணத்துக்கு, மோட்டார் சைக்கிளின் சொந்தச் சேதப் பிரீமியம் 1,500 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் அதில் பாதி 750. காருக்கு 12,000 என்றால் பாதி 6,000. வித்தியாசம் தெரிகிறதல்லவா?

அந்த 6,000 ரூபாய்க்காகத்தான் விற்பனைக்காரப் பிள்ளை தாளை நீட்டினான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலை கொஞ்சம் குறைந்தால் வியாபாரம் முடியும் என்று நினைத்திருப்பான். ஆனால் கையெழுத்து அவனுடையதல்ல, சகோதரியுடையது.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது தெரியுமா? 'நான் கோரும் போனஸ் சரியானது. முந்தின பாலிஸியில் நஷ்ட ஈடு எதுவும் எழவில்லை. இது தவறு என்று தெரிய வந்தால், பாலிஸியின் சொந்தச் சேதப் பகுதியில் எனக்குரிய பலன்களையெல்லாம் இழந்து விடுவேன்' என்ற பொருளில் ஒரு வாக்குமூலம். 2002-ஆம் வருஷத்து டாரிஃபே இந்த வாக்குமூலத்தை வகுத்துக் கொடுத்திருக்கிறது. இதைப் பெறும் புதுக் கம்பெனி, பழைய கம்பெனிக்கு எழுதி விசாரிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்தக் காலத்தில் வண்டி நம்பரை வைத்துக் கொண்டு விசாரிப்பது பெரிய காரியமும் அல்ல.

பெரும்பாலும் இது எப்போது வெளிவருகிறது? சௌகரியமான நாளில் அல்ல. ஒரு நாள் கார் எங்கேயோ மோதி, இரண்டு லட்ச ரூபாய்க்கு ரிப்பேர் என்று தொழிற்சாலையில் நிற்கும். நஷ்ட ஈட்டு மனுவைப் பார்க்கிறவர் பழைய பாலிஸியைக் கேட்பார். அப்போது மோட்டார் சைக்கிள் பாலிஸியையா எடுத்து நீட்டுவது? 6,000 ரூபாய் மிச்சப்படுத்தப் போய், இரண்டு லட்சத்துக்கு வாதாட வேண்டி வரும். "கடைக்காரன்தான் போடச் சொன்னான்" என்றால் யார் கேட்பார்கள்?

இதைப் படிக்கும்போதே, "ஐயோ, போன வருஷம் நாங்களும் இப்படித்தான் போட்டோமோ?" என்று நெஞ்சு பதைக்கிறவர்கள் இருக்கலாம். பதற வேண்டாம். பாலிஸியை எடுத்துப் பாருங்கள். போனஸ் தவறாகக் கொடுக்கப்பட்டிருந்தால், நீங்களே கம்பெனிக்கு எழுதி, வித்தியாசத் தொகையைக் கட்டி, திருத்தம் எழுதி வாங்கிக் கொள்ளலாம். விபத்துக்கு முன்னால் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு வேறு, பின்னால் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு வேறு.

சரி, இனிமேல் சேரப் போகும் புண்ணியத்தையாவது எப்படிக் காப்பாற்றுவது? நாலு விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, சின்னச் சிராய்ப்புக்கெல்லாம் கம்பெனியிடம் ஓடாதீர்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். சொந்தச் சேதப் பிரீமியம் வருஷத்துக்கு 12,000 ரூபாய், நீங்கள் 50 சதவிகிதப் படியில் இருக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஆகவே 6,000 கட்டுகிறீர்கள். கதவில் ஒரு நசுங்கல். சரி செய்ய 3,000 ஆகிறது. கம்பெனியிடம் வாங்கிக் கொண்டீர்கள். படிக்கட்டின் உச்சியிலிருந்து தரைக்கு வந்தாயிற்று. அடுத்த வருஷம் முழுசாக 12,000. அதாவது 6,000 அதிகம். அதற்கடுத்த வருஷம் 20 சதவிகிதம் போக 9,600, 3,600 அதிகம். பிறகு 9,000, 3,000 அதிகம். பிறகு 7,800, 1,800 அதிகம். பிறகு 6,600, 600 அதிகம். ஆறாவது வருஷந்தான் பழைய 6,000-க்கு வருகிறீர்கள். கூட்டிப் பாருங்கள்: 15,000 ரூபாய்! மூவாயிரத்தை வாங்கிக் கொண்டு பதினையாயிரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். வண்டி பழையதாக ஆக பிரீமியமும் கொஞ்சம் குறையும் என்பதால் நிஜத்தில் தொகை சற்றுக் குறையலாம். ஆனாலும் பாடம் அதேதான். பெரிய சேதமானால் தயங்காமல் கேளுங்கள். அதற்குத்தான் பணம் கட்டுகிறோம். சின்னதானால் முதலில் பென்ஸிலும் காகிதமும் எடுங்கள். போனஸைக் காக்கத் தனியே கொஞ்சம் பிரீமியம் கட்டும் வசதி சில பாலிஸிகளில் உண்டு. அதையும் விசாரித்து வையுங்கள்.

இரண்டாவது, தேதி. பாலிஸி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், சேர்த்த போனஸ் அத்தனையும் போய் விடும். ஐந்து வருஷத்துச் சேமிப்பை மறதியில் விடலாமா? பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே இந்தத் தேதியையும் குறித்து வையுங்கள்.

மூன்றாவது, காரை விற்கும்போது. பழைய காரை விற்றதற்கான அத்தாட்சியைக் காட்டி, "இன்னாருக்கு இத்தனை சதவிகிதம் போனஸ் உண்டு" என்று கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்குள் வேறு கார் வாங்கினால் அந்தக் கடிதம் செல்லும். புதுக் கார் என்றாலும் சரி, வேறு கம்பெனி என்றாலும் சரி. வெளிநாட்டில் சேர்த்த போனஸையும், தகுந்த அத்தாட்சியோடு மூன்று வருஷத்துக்குள் வந்தால் இங்கே ஏற்கலாம் என்று டாரிஃப் சொல்கிறது. தம்பி ஊர் திரும்பினால், அவனுடைய காரின் கணக்குக்கு அது உதவும்.

நாலாவதை எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது. ஆனால் தெரியாமல் இருப்பதால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள், ஆகவே எழுதுகிறேன். உயிரோடு இருக்கும்போது கணவரின் போனஸ் மனைவிக்கு வராது என்றேன். அவர் காலமாகி, அவருடைய வண்டி மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ வந்து சேர்ந்தால், அவர் சேர்த்த போனஸும் கூடவே வரும். ஆனால் அவர் பெயரிலுள்ள பாலிஸி மூன்று மாதந்தான் செல்லும். அதற்குள்ளே முடியும் பாலிஸியானால் முடியும் தேதி வரையில்தான். அதற்குள் கம்பெனிக்கு எழுதி மாற்றிக் கொள்ள வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் வண்டித் தாளைப் பற்றி யாருக்கு ஞாபகம் வரும்? ஆகையால்தான் இதை இப்போதே, எல்லாரும் சௌக்கியமாக இருக்கும்போதே, தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள் என்கிறேன். அண்டை அயலில் யாருக்காவது இது நேர்ந்தால், பத்தாம் நாள் காரியம் ஆன பிறகு மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

மாம்பலத்துச் சகோதரி இரண்டு நாள் கழித்துப் பேசினார். கடைக்குப் போய், போனஸ் என்ற இடத்தில் எழுதியிருந்த 50-ஐ அடித்து விட்டுப் பூஜ்யம் போடச் சொன்னாராம். "எல்லாரும் இப்படித்தானம்மா செய்கிறார்கள்" என்றானாம் பிள்ளை. "எல்லாரும் கையெழுத்துப் போடுவதில்லையே, நான்தானே போடுகிறேன்" என்றாராம் இவர். கணவருக்குத்தான் கொஞ்சம் வருத்தம். "பதினோரு வருஷத்துக்கு ஒரு மதிப்பும் இல்லையா?" என்று கேட்டாராம்.

அவருக்கு நான் என்ன சொல்ல? கம்பெனியின் கணக்கில் மதிப்பு இல்லைதான். ஆனால் பதினோரு வருஷமும் சாயங்காலம் அவர் சிராய்ப்பில்லாமல் வாசலில் வந்து இறங்கினாரே, அதைச் சகோதரி தம் கடிதத்தில் முதல் வரியாகவே எழுதியிருந்தார் என்று சொன்னேன். அதைக் கேட்டுச் சகோதரி சிரித்தார். பின்னாலிருந்து அவரும் சிரித்தது கேட்டது.

இன்றிரவு சாப்பாடு ஆன பிறகு உங்கள் வீட்டு வண்டிப் பாலிஸியை வெளியே எடுங்கள். சொந்தச் சேதப் பகுதி இருக்கிறதா, போனஸ் என்ற இடத்தில் என்ன எண் போட்டிருக்கிறது, அந்த எண் நிஜந்தானா, பாலிஸி என்றைக்கு முடிகிறது என்று பார்த்து விடுங்கள். பத்து நிமிஷ வேலை.